கூட ஒருத்தி

ஊட்டிக்குக் காரில் போகும் பெங்களூர்க்காரர்களுக்கு குண்டலுபேட்டை என்றால் செண்டுமல்லி. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் சாலையின் இரு பக்கமும் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்துக் கிடக்கும் வயல்களில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பூவில் ஒரு பகுதி கேரளத்துக்குப் போகிறது. குனிந்து பறிக்கிற பெண்கள் படத்தில் விழுந்தால் விழுவார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பெண்களில் ஒருத்திக்கு இடுப்பு வலி எடுத்தால் முதலில் தாலுகா மருத்துவமனை. இங்கே முடியாது என்றால் சாமராஜநகர். (1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த குண்டலுபேட்டை இப்போது சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது.) அங்கும் கைவிரித்தால், மைசூரின் செலுவாம்பா மருத்துவமனை. குண்டலுபேட்டையிலிருந்து மைசூர் சுமார் 60 கிலோமீட்டர். தெற்கே பந்திப்பூர் காடு. 2009 முதல் காட்டுச் சாலைகளில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை. ஆனால் ஆம்புலன்ஸுக்குத் தடை இல்லை. யானைக்காக மூடிய கேட் பிரசவ வலி கண்டவளுக்காகத் திறக்கிறது. பிரச்சினை, அதற்குப் பிறகு வரும் கதவில்தான்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வா என்று அரசு சொல்லத் தொடங்கி ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. பெண்கள் வந்துவிட்டார்கள். 1992-93இல் எடுத்த முதல் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் நூற்றுக்கு 26 பிரசவங்கள்தான் மருத்துவமனைகளில் நடந்தன. 2019-21இல் எடுத்த ஐந்தாவது ஆய்வில் அது 89. கர்நாடகத்தில் 97, தமிழ்நாட்டில் 99ஐத் தாண்டிவிட்டது. 2005இல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டம் கையில் பணம் கொடுத்தது. 2011இல் வந்த அடுத்த திட்டம், மருந்து, ரத்தம், சாப்பாடு, போக வர வண்டி எல்லாம் இலவசம் என்றது. பலன் இல்லாமல் இல்லை. 2018-20 கணக்குப்படி, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு கர்நாடகத்தில் 69 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். அண்டை வீடான கேரளத்தில் 19. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது தெரிகிறது. வந்தவர்களை எப்படி நடத்தினோம் என்பதற்கு இந்த அட்டவணைகளில் கட்டம் இல்லை.

லேபர் வார்டு வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். வளையலையும் கொலுசையும் மாமியாரிடம் கொடுக்கச் சொல்வார்கள். கூடவே இன்னொன்றும் கழன்று விழுகிறது. மரியாதை விகுதி. வெளியே சீட்டு எழுதும் இடத்தில் "வாங்கம்மா, உட்காருங்க" என்று இருந்தது, உள்ளே போனதும் "ஏய், ஏறிப் படு" ஆகிவிடுகிறது. பெயர் போய், கட்டில் எண் வருகிறது. கன்னடத்திலும் 'நீனு', 'நீவு' என்று நம் 'நீ', 'நீங்கள்' போலவே பிரிவு உண்டு. எல்லை தாண்டினால் மொழி மாறும், விகுதி விழுவது மாறாது. தமிழ் மட்டுமே தெரிந்தவள் கன்னட ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும், வசவு என்பது மட்டும் மொழிபெயர்ப்பு இல்லாமல் புரிந்துவிடும்.

அந்த வசவுகளில் ஒன்று பிரசித்தம். தஞ்சாவூரில் பெற்றவளும் சொல்வாள், தார்வாடில் பெற்றவளும் சொல்வாள், பீகாரில் பெற்றவளும் சொல்வாள். வலி தாங்காமல் அலறும்போது வரும் அது: "படுக்கும்போது தெரியவில்லையா? இப்போது எதற்குக் கத்துகிறாய்?" நாகரிகம் கருதி இங்கே கொஞ்சம் குறைத்தே எழுத வேண்டியிருக்கிறது. சொல்பவர் பெரும்பாலும் இன்னொரு பெண்; அநேகமாக அவரும் பெற்றவர். கேட்பவளோ தாலி கட்டி, வளைகாப்பு போட்டு, ஊரே வாழ்த்தி அனுப்பிய பெண். ஐந்து வகைச் சாதம் கட்டி ஊட்டிய சமூகம், அடுத்த வாரமே அவளை ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவளைப் போல நடத்துகிறது. வலி என்பது கவனிக்க வேண்டிய ஒன்றாக இல்லாமல், அனுபவிக்க வேண்டிய தண்டனை ஆகிவிடுகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்குள் எல்லாம் இருக்கிறது. தொடையில் விழும் அறை அதற்கு அடுத்த படிதான்.

இதற்கு விலைப்பட்டியலும் உண்டு. 2005 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' பெங்களூர் மாநகராட்சியின் பிரசவ மருத்துவமனை ஒன்றைப் பற்றி எழுதியது. பிறந்த குழந்தையைத் தாய் பார்ப்பதற்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பார்க்க வேண்டுமானால் ஆண் குழந்தைக்கு 12 டாலர், பெண் குழந்தைக்கு 7 டாலர் மதிப்புக்கு ரூபாய். பெண் என்றால் தள்ளுபடி! 1990களின் நடுவில் தமிழ்நாட்டில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் செசிலியா வான் ஹாலன், 2003இல் வெளியிட்ட புத்தகத்தில் இதைவிடக் கடுமையான ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். பிரசவம் முடிந்த கையோடு, கேட்காமலேயே பெண்களுக்குக் கருத்தடை வளையம் பொருத்தப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னணி மாநிலம் என்று தமிழ்நாடு பெயர் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது.

நர்ஸுகளை மட்டும் வில்லிகளாக்கிவிட்டால் வேலை சுலபமாக முடியும். உண்மை அவ்வளவு சுலபமல்ல. இரவு ஷிப்டில் ஒரே ஸ்டாஃப் நர்ஸ், மூன்று நான்கு மேஜைகள். ஒருத்திக்கு ரத்தப்போக்கு, ஒருத்திக்குத் தலை தெரிகிறது, ஒருத்தி காலை இறுக்கிக்கொண்டு ஒத்துழைக்க மறுக்கிறாள். குழந்தைக்கு ஏதாவது ஆனால் மறுநாள் வாசலில் கல் வீசுவார்கள். விசாரணையில் முதலில் நிற்பது நர்ஸ்தான், டாக்டர் அல்ல. "குழந்தையைக் காப்பாற்றத்தான் அதட்டினோம்" என்று அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி, படிக்கட்டு சம்பந்தப்பட்டது. டாக்டர் நர்ஸை அதட்டுகிறார், நர்ஸ் ஆயாவை, ஆயா நோயாளியை. கடைசிப் படியில் படுத்திருப்பவளுக்கு அதட்ட ஆள் இல்லை. அவள் படிக்காதவளாக, கூலிக்காரியாக, கீழ்ச்சாதி என்று எண்ணப்படுபவளாக இருந்தால் படி இன்னும் ஒன்று இறங்கும். காசு கட்டிப் பெறும் தனியார் நர்சிங் ஹோமில் இதே நர்ஸ் இதே வாயால் "கொஞ்சம் பொறுத்துக்குங்க மேடம்" என்பார். ஆகவே பேசத் தெரியாது என்ற சமாதானம் எடுபடாது.

ஏழை நாட்டின் வியாதி என்று நினைக்கவும் வேண்டாம். 1957இல் அமெரிக்காவின் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' பத்திரிகைக்கு ஒரு நர்ஸ் கடிதம் எழுதினார். பிரசவ வார்டுகளில் நடக்கும் கொடுமைகளை விசாரியுங்கள் என்று கேட்டிருந்தார். அது வெளியானதும் தாய்மார்களின் கடிதங்கள் குவிந்தன. கைகளைப் பட்டையால் கட்டிப் போட்டது, டாக்டர் வரும்வரை குழந்தை வெளியே வராமல் கால்களைச் சேர்த்துப் பிடித்தது என்று எழுதினார்கள். 1958இல் பத்திரிகை அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. பணக்கார நாடு, வெள்ளைக்காரப் பெண்கள், கட்டணம் கட்டிய மருத்துவமனைகள்.

அறையின் அமைப்பிலேயே இந்த மனப்பான்மை இருக்கிறது. குண்டலுபேட்டையைச் சுற்றிய காடுகளிலும் பிளிகிரி ரங்கன் மலையிலும் வாழும் சோலிகர் பெண்கள் மரபாகக் குந்திய நிலையில் பிரசவிப்பவர்கள். 1981இல் அந்த மலையில் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கிய டாக்டர் எச். சுதர்சன் போன்றவர்கள், பழங்குடியினருக்குக் கற்றுக்கொடுக்கப் போய் அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் விஷயம் உண்டு என்று கண்டவர்கள். ஆனால் ஊர் ஆஸ்பத்திரியில் இரும்பு மேஜை, மல்லாந்த படுக்கை, தூக்கிக் கட்டிய கால்கள். மல்லாந்து படுப்பது யாருக்கு வசதி? பார்ப்பவருக்கு. எல்லாப் பெண்களையும் கட்டாயமாக மல்லாக்கப் படுக்க வைப்பது, எனிமா கொடுப்பது, மழிப்பது ஆகியவை கைவிடப்பட வேண்டிய பழக்கங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே எழுதிவிட்டது. காட்டிலிருந்து முதல்முறையாக இறங்கி வரும் பெண்ணுக்கு அந்த மேஜையே முதல் அதட்டல்.

மனம் புண்படுவதோடு முடிந்தால், காலப்போக்கில் மறந்துவிடும் என்று ஆறுதல் சொல்லலாம். முடிவதில்லை.

2022 நவம்பர் தொடக்கத்தில் தும்கூரில் நடந்தது இது. தமிழ்நாட்டிலிருந்து வந்து வாடகை அறை ஒன்றில் வசித்த ஒரு பெண், வயது முப்பது. துணைக்குக் கணவன் இல்லை, சிறு மகள் மட்டும். வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். இரவில் வலி எடுத்ததும் அக்கம்பக்கத்தார் தங்களுக்குள் பணம் சேர்த்து ஆட்டோவில் ஏற்றி மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தாயி கார்டு எங்கே, ஆதார் எங்கே என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. கர்ப்பிணிகளுக்குக் கர்நாடக அரசு தரும் பதிவு அட்டைதான் தாயி கார்டு. 'தாயி' என்றால் தாய். தமிழனுக்கும் கன்னடனுக்கும் ஒரே சொல். கட்டிலில் கிடத்தினால் தாய் என்று கண்ணுக்கே தெரிந்திருக்கும். காகிதத்தில் தெரியவில்லை. பெங்களூருக்குப் போ என்று சொன்னார்கள். பெங்களூர் 70 கிலோமீட்டர். போகப் பணமில்லை. அவள் வீட்டுக்குத் திரும்பினாள். நவம்பர் 3ஆம் தேதி காலை, யாருடைய மருத்துவ உதவியும் இல்லாமல் பிரசவம் நடந்தது. தாயும் இறந்தாள், இரண்டு குழந்தைகளும் இறந்தன. அப்போதைய சுகாதார அமைச்சர் கே. சுதாகர் தும்கூருக்கு வந்தார். ஒரு டாக்டரும் மூன்று நர்ஸுகளும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அவசர நேரத்தில் எந்த ஆவணமும் கேட்கக்கூடாது என்று உத்தரவு வந்தது.

அப்படிக் கேட்கக்கூடாது என்பது பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டதுதான். தலைநகரில் வறுமைக்கோட்டு ரேஷன் கார்டு காட்ட முடியாமல் மருத்துவமனைகளுக்கிடையே அலைந்த ஒரு பெண் 2010 ஜனவரியில், வீட்டிலேயே பிரசவித்து இறந்தார். இன்னொரு பெண் மரத்தடியில், எல்லோரும் பார்க்கக் குழந்தை பெற்றார். இரு வழக்குகளையும் சேர்த்து விசாரித்த டில்லி உயர்நீதிமன்ற நீதிபதி எஸ். முரளிதர் 2010 ஜூன் 4ஆம் தேதி தீர்ப்பளித்தார். தாய் உயிரோடு பிழைத்து ஆரோக்கியமாகப் பெறுவது அரசியல் சாசனம் தந்த வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றார். இழப்பீடு தரவும் உத்தரவிட்டார். டில்லித் தீர்ப்பு தும்கூர் கேஷுவாலிட்டி மேஜைக்கு வந்துசேரப் பன்னிரண்டு வருடம் போதவில்லை.

தும்கூரில் பலருக்கும் படாத ஒரு விஷயம் உண்டு. அக்கம்பக்கத்தார் கூடப் போயிருந்தார்கள். ஆனால் மருத்துவமனையின் கண்ணில் அவர்கள் யாரும் அல்ல. உறவுமில்லை, கையெழுத்துப் போடும் உரிமையுமில்லை. வலியில் துடிப்பவள் தனக்காகத் தானே வாதாட முடியாது. வாதாட வந்தவர்களுக்கு வாய் இல்லை.

கதவுக்கு உள்ளேயும் இதே கதைதான். கானா, கினி, மியான்மர், நைஜீரியா என்று நான்கு நாடுகளில் ஆய்வாளர்கள் பிரசவ அறையிலேயே நின்று கவனித்து 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். கவனிக்கப்பட்ட 2016 பெண்களில் 838 பேர் அடியோ, வசவோ, இழிவோ பட்டார்கள். எந்த நேரத்தில் அதிகம் என்றும் பார்த்தார்கள். குழந்தை பிறப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து, பிறந்த கால் மணி நேரம்வரை. சின்ன வயதுக்காரிகளும் படிக்காதவர்களும் அதிகம் மாட்டினார்கள். அம்மாவும் மாமியாரும் வராந்தாவில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் உள்ளே மோசமான நேரம். பார்க்க ஆள் இல்லாத நேரம்.

அப்படியானால் அந்த அம்மாவை உள்ளே விட்டால் என்ன?

இது புதிய யோசனையல்ல. வீட்டில் பெற்ற காலத்தில் பாட்டியும் சித்தியும் பக்கத்து வீட்டுக்காரியும் சூழ்ந்துதானே பெற்றார்கள். ஆஸ்பத்திரி பாதுகாப்பைக் கொடுத்தது, அந்தச் சூழலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டது. 1980இல் குவாத்தமாலாவில் ஒரு பரிசோதனை நடந்தது. முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களில் சிலருக்கு, முன்பின் தெரியாத ஒரு சாதாரணப் பெண்ணைத் துணைக்கு வைத்தார்கள். முதுகைத் தடவுவது, கையைப் பிடித்துக்கொள்வது, பேச்சுக் கொடுப்பது, இவ்வளவுதான் அவள் வேலை. துணை இல்லாதவர்களுக்கு சுமார் 19 மணி நேரம் நீடித்த வலி, துணை இருந்தவர்களுக்கு 9 மணிக்குள் முடிந்தது. ஒரே ஒரு ஊரின் கணக்கு என்று ஒதுக்கலாம். 2017இல் காக்ரேன் அமைப்பு 26 பரிசோதனைகளை, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து துணை இருந்தவர்களுக்கு சிசேரியன் குறைவு, வலி நேரம் குறைவு, பிரசவத்தைப் பற்றிய கசப்பும் குறைவு. மருந்துக் கம்பெனி இப்படி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் ஊசி என்ன விலைக்கு விற்றிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆயா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேரம் பேசும்போதும் சரி, கையை ஓங்கும்போதும் சரி, தொட்டுவிடும் தூரத்தில் இன்னொரு பெண் நின்றால் நிலைமை வேறு. அவள் சண்டை போட வேண்டியதில்லை, நின்றால் போதும். கென்யாவின் புங்கோமா அரசு மருத்துவமனையில் 2013இல் ஒரு பெண் கட்டில் கிடைக்காமல் தரையில் பெற்றார். நர்ஸுகள் திட்டி அடித்தார்கள். அது படமாகப் பிடிக்கப்பட்டு வெளியே வந்தது. 2018இல் நீதிமன்றம் 25 லட்சம் கென்ய ஷில்லிங் இழப்பீடு கொடுத்தது. கண்ட சாட்சி இல்லாமல் தரையில் பெற்றவர்கள் எத்தனை பேரோ.

இந்தியாவிலும் இது காகிதத்தில் இருக்கிறது. தமிழ்நாடு 2004லேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதித்தது. மத்திய அரசு 2016 பிப்ரவரியில் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. 2017 டிசம்பரில் வந்த 'லக்ஷ்யா' திட்டம், பிரசவ அறைகளுக்குத் தரச் சான்று கொடுக்கும்போது துணை, திரைச்சீலை, மரியாதையான பேச்சு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்கிறது. 2019இல் வந்த 'சுமன்' திட்டம் சேவை மறுப்பைச் சகிக்கமாட்டோம் என்றது. திட்டங்களுக்குப் பெயர் வைப்பதில் நம் அதிகாரிகளை மிஞ்ச ஆளில்லை. வார்டில் போய்க் கேட்டால், "இடமில்லை, இன்ஃபெக்ஷன் வரும், பக்கத்து மேஜைப் பெண் துணியில்லாமல் கிடக்கிறாள், எப்படி விடுவது?" என்பார்கள். கடைசிக் காரணம் நியாயமானதுதான். ஆனால் அது துணைக்கு எதிரான வாதமல்ல. இரண்டு மேஜைகளுக்கு நடுவே ஒரு திரைச்சீலை மாட்டச் சொல்லும் வாதம்.

2016 வழிகாட்டியின் நிபந்தனைகளைப் படித்தால் அரசின் மனசு தெரியும். துணைக்கு வருபவள் பெண்ணாக இருக்க வேண்டும், தானும் பிரசவித்தவளாக இருக்க வேண்டும். மறைவுக்கு ஏற்பாடு உள்ள இடங்களில் கணவனை விடலாம். தொற்றுநோய் இருக்கக்கூடாது. சுத்தமான துணி உடுத்த வேண்டும். கடைசிவரை கூட இருக்க வேண்டும். ஊழியர்களின் வேலையில் தலையிடக்கூடாது. எல்லாம் சரி. இன்னும் ஒன்று: அறையில் இருக்கும் மற்றப் பெண்களை அவள் கவனிக்கக்கூடாது.

ஏன் அப்படி எழுதினார்கள் என்பது விளங்குகிறது. தொற்று, குழப்பம், யாராவது எதையாவது செய்துவைத்தால் பொறுப்பு யார் என்ற பயம். ஆனால் மகளுக்குத் துணையாக வந்த ஒரு கிராமத்து அம்மா, அடுத்த மேஜையில் ஊர் பேர் தெரியாத, மொழி தெரியாத, வாசலில் யாருமே நிற்காத ஒருத்தி வலியில் கையை நீட்டினால் என்ன செய்வாள்? விதிப்படி, திரும்பி நின்றுகொள்ள வேண்டும்.